அண்ணனுக்குத்தான் நோய், என் ரத்தம் எதற்கு?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 33. இருமுனை மனநிலைக் கோளாறுக்காக (சில காலம் மிதமிஞ்சிய உற்சாகம், சில காலம் கடும் சோர்வு) பல ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இப்போது நன்றாகவே இருக்கிறார். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். அப்பா காலமாகிவிட்டார். சித்தப்பாவுக்கும் இதே நோய் இருந்தது. சென்ற முறை அண்ணனைப் பெங்களூரில் காட்டியபோது, ஓர் ஆய்வுக்காக அண்ணன், அம்மா, நான் மூவரும் ரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, அதிலிருந்து மூளையின் நரம்புச் செல்களை வளர்ப்பார்களாம். அண்ணன் உடனே சரி என்றுவிட்டார். அம்மா கூடவே கூடாது என்கிறார். எனக்கு வரன் பார்க்கும் நேரத்தில் குடும்பத்தின் பெயர் ஏதாவது பதிவேட்டில் ஏறிவிடுமோ என்பது அவருடைய பயம். மாமாவோ, "இலவசமாக ஏன் கொடுக்க வேண்டும்? பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போட்டே குணமாக்குகிறார்கள்" என்கிறார். எனக்கு 27 வயது. எந்த நோயும் இல்லை. பிறகு என் ரத்தம் எதற்கு? கொடுத்தால் அண்ணன் குணமாவாரா? எனக்கும் வருமா என்பது அதில் தெரிந்துவிடுமா?
– ச., திண்டுக்கல்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

கடைசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரத்தம் கொடுப்பதால் உங்கள் அண்ணன் குணமாகப் போவதில்லை. உங்களுக்கு இந்த நோய் வருமா என்பதும் அதில் தெரியப்போவதில்லை. இவற்றில் ஏதாவது ஒன்றை எதிர்பார்த்துத்தான் பெங்களூருக்கு டிக்கெட் எடுப்பதாக இருந்தால், எடுக்க வேண்டாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம் என்பேன். அதற்கான காரணம் புரிய, ஆய்வுக்கூடத்தில் உங்கள் ரத்தம் என்னவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மனநோயை ஆராய்கிறவர்களுக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. கல்லீரலில் கோளாறு என்றால் ஊசியால் துளி திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். மனநிலைக் கோளாறுள்ள ஒருவரின் மூளையிலிருந்து அப்படி எடுக்க முடியாது. இறந்தவரின் மூளையை ஆராய்ந்தால், அங்கே தெரியும் மாற்றம் நோயால் வந்ததா, இருபது ஆண்டு மருந்தால் வந்ததா, வயதால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். எலியை வைத்து ஆராயலாம் என்றால், எலி நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மூன்று புது வியாபாரங்களுக்குத் திட்டம் போடுவதில்லை. மனிதருக்கே உரிய நோயை மனிதச் செல்லில்தான் பார்க்க வேண்டும். அந்தச் செல்லைத்தான் எடுக்க முடியாது.

இந்த முட்டுக்கட்டை 2006-இல் தளர்ந்தது. அதற்கு முன்பும் உடலின் எந்த உறுப்பின் செல்லாகவும் மாறவல்ல ஸ்டெம் செல்கள் கையில் இருந்தன. மனிதக் கருவிலிருந்து அவற்றை அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு 1998-இல் பிரித்தெடுத்து வளர்த்தது. ஆனால் அதற்காகச் சில நாள் வயதுடைய கருவை அழிக்க வேண்டியிருந்தது. பெரிய அறச் சர்ச்சை எழுந்தது. அதைவிட நம் விஷயத்துக்கு முக்கியமான குறை ஒன்று உண்டு: அந்தக் கரு யாராக வளர்ந்திருக்கும், 25 வயதில் அவருக்கு என்ன நோய் வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாக்காவும் கசுடோஷி தக்கஹாஷியும் எதிர்த்திசையில் போனார்கள். வளர்ந்து முடிந்த ஒரு செல்லைப் பின்னோக்கித் திருப்ப முடியுமா என்று பார்த்தார்கள். 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக விலக்கிச் சோதித்து, கடைசியில் நான்கே போதும் என்று கண்டார்கள். எலியின் சாதாரணத் திசுச் செல்லுக்குள் அந்த நான்கைச் செலுத்தியதும் அது கருவின் ஸ்டெம் செல்லைப் போலவே ஆனது. அடுத்த ஆண்டு மனிதத் தோல் செல்லிலும் அது கைகூடியது. இப்படிப் பின்னோக்கித் திருப்பி உண்டாக்கிய ஸ்டெம் செல்களைத்தான் ஐபிஎஸ் செல் என்கிறார்கள். 2012-இல் யமனாக்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பகிர்ந்துகொண்டவர் பிரிட்டனின் ஜான் கர்டன். தவளையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து முட்டைக்குள் வைத்துத் தலைப்பிரட்டை வளர்த்தவர். அந்தக் கட்டுரை வெளிவந்தது 1962-இல். வளர்ந்த செல்லும் தன் பழைய பாடம் எதையும் தொலைத்துவிடுவதில்லை என்று அவர் காட்டியதை யமனாக்கா நான்கு மரபணுக்களில் செய்துமுடிக்க 44 ஆண்டுகள் பிடித்தன.

உங்கள் ரத்தத்துக்கு வருவோம். எடுப்பது சில தேக்கரண்டி அளவுதான். சிவப்பணுக்களில் உட்கரு இல்லை என்பதால் அவற்றால் பயனில்லை; வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். பல ஆய்வுக்கூடங்களில், அந்த நான்கு மரபணுக்களைச் சென்டாய் என்ற வைரஸின் மீது ஏற்றிச் செல்லுக்குள் அனுப்புகிறார்கள். இந்த வைரஸ் நம் மரபணுத் தொகுப்பில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. செல்கள் பெருகப் பெருக மறைந்துவிடும். மூன்று நான்கு வாரங்களில், செல் வளர்க்கும் தட்டில் சிறு சிறு செல் திட்டுகள் தெரியும். நல்லவற்றைப் பொறுக்கி, குரோமோசோம்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து, பெருக்கி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைப்பார்கள். தேவைப்படும்போது எடுத்து, தக்க வேதிப்பொருள்களைத் தக்க நாளில் கொடுத்தால் நரம்புச் செல்லாக வளரும். அந்தச் செல்கள் ஒன்றோடொன்று மின்குறிப்பு பரிமாறிக்கொள்ளும் நிலைக்கு வர இன்னும் சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும்.

"அந்தத் தட்டில் இருப்பது என் மூளையா, டாக்டர்? அதற்கு என் நினைவெல்லாம் இருக்குமா?" என்று நோயாளிகள் என்னைக் கேட்டதுண்டு. உங்கள் அண்ணனும் கேட்கலாம். இல்லை. அது அவருடைய மரபணுக்களைக் கொண்ட செல் கூட்டம். அதற்குக் கண்ணில்லை, காதில்லை, கடந்த காலமும் இல்லை. அதிலிருந்து குழந்தை உண்டாக்கிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். மனிதரை நகலெடுப்பதை நம் நாட்டின் ஸ்டெம் செல் ஆய்வு நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன.

அந்தத் தட்டில் என்னதான் தெரியும்? உங்கள் அண்ணன் சாப்பிடும் மருந்தையே எடுத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் ரஸ்டி கேஜ் தலைமையிலான குழு, இருமுனைக் கோளாறுள்ள ஆறு பேரின் தோல் செல்லிலிருந்து ஐபிஎஸ் செல் உண்டாக்கி, நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்புச் செல்களைப் போன்றவற்றை வளர்த்தது. ஆறு பேரில் மூவருக்கு லித்தியம் கேட்டிருந்தது. மற்ற மூவருக்குக் கேட்கவில்லை. ஆறு பேரின் செல்களுமே, நோயில்லாதவர்களின் செல்களைவிட அதிகமாக மின்துடிப்பு காட்டின. பிறகு தட்டில் லித்தியத்தைச் சேர்த்தார்கள். வாழ்க்கையில் யாருக்கு லித்தியம் கேட்டதோ அவர்களின் செல்கள் மட்டும் அடங்கின. மற்றவர்களின் செல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. 2015-இல் வெளியான ஆய்வு இது. மாத்திரையையே பார்த்திராத செல், தன்னைத் தந்தவரின் மருத்துவக் குறிப்பில் எழுதியிருந்ததைத் திருப்பிச் சொன்னது. என் துறையில் இப்படி உட்கார்ந்து யோசிக்கவைத்த ஆய்வுகள் அதிகம் இல்லை. லித்தியத்தை 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் பித்துநிலைக்கு, அதாவது அந்த மிதமிஞ்சிய உற்சாக நிலைக்கு, கொடுத்துப் பார்த்ததிலிருந்து இன்றுவரை, அது யாருக்குக் கேட்கும் என்பதைக் கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். கேட்காதவர்களுக்கு அந்த மாதங்கள் வீண்.

ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இங்கேதான் "என் ரத்தம் எதற்கு" என்ற உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

அண்ணனின் செல் ஒரு விதமாகத் துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நோயின் குணமா, அல்லது அவருக்கே உரிய இயல்பா? உயரம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது போலச் செல்லின் நடத்தையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். முன்பின் தெரியாத ஒருவரின் செல்லோடு ஒப்பிட்டால், லட்சக்கணக்கான மரபணு வேறுபாடுகள் குறுக்கே வந்து நிற்கும். எது நோயைச் சேர்ந்தது, எது சேராதது என்று பிரிக்க முடியாது. உடன்பிறந்தவர்கள் மரபணுக்களில் ஏறத்தாழப் பாதியைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். அந்தப் பாதியை ஓரளவு ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தில் தேடலாம். அம்மாவின் ரத்தமும் இருந்தால், அண்ணனிடம் உள்ள எந்தக் கூறு அம்மாவிடமிருந்து வந்தது, எது அப்பா வழியில் வந்தது என்று பிரிக்கலாம். அப்பா இல்லாத உங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் போட அம்மாவை விட்டால் வேறு வழி குறைவு. ஆகவே ஆய்வாளர்கள் மரியாதைக்காக உங்களையும் சேர்த்துக் கேட்கவில்லை. நோயில்லாத உங்கள் செல் இல்லாமல் நோயுள்ள அவர் செல்லைச் சரியாகப் படிப்பது கடினம்.

இந்தியக் குடும்பங்களைத் தேடுவதற்கும் காரணம் உண்டு. மரபணு ஆய்வுகளில் இதுவரை சேர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அங்கே கண்டது இங்கே அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும், என்சிபிஎஸ், இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கின. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி), மது அடிமைத்தனம், முதுமை மறதி ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்று பலருக்கு இருக்கும் குடும்பங்களை அதில் சேர்க்கிறார்கள். நோயுள்ளவர், இல்லாதவர் இரு தரப்பிலிருந்தும் செல்களை உண்டாக்கிச் சேமிக்கிறார்கள். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையம் ரத்த நோய்களில் இதுபோன்ற வேலையைச் செய்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். செல்லைப் பின்னோக்கித் திருப்பும்போது அதன் வயதும் அழிந்துவிடுகிறது. அண்ணனின் 33 வயது ரத்தத்திலிருந்து வளர்ந்தாலும், தட்டில் இருப்பது ஏறத்தாழ வயிற்றுக் குழந்தையின் மூளைச் செல். வாலிபத்தில் வெளிப்படும் நோயை அதில் தேடுகிறோம். அண்ணனுக்கு முதல் முறை நோய் கண்டபோது வீட்டில் என்ன நடந்தது, எத்தனை இரவு அவர் தூங்கவில்லை என்பதெல்லாம் அந்தச் செல்லுக்குத் தெரியாது. ஒரே ஆளின் ரத்தத்திலிருந்து வளர்த்த இரண்டு திட்டுகளே சற்று மாறுபட்டு நடப்பதும் உண்டு. இந்த நோயில் ஒரு மரபணு அல்ல, நூற்றுக்கணக்கானவை சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. ஆகவே முடிவுகள் மெதுவாகத்தான் வரும்.

எவ்வளவு மெதுவாக? ஏஎல்எஸ் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோயைப் பாருங்கள். நோயாளிகளின் ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த நரம்புகள் மிகையாகத் துடிக்கின்றன என்றும், வலிப்புக்கென ஏற்கனவே இருந்த ஒரு மருந்து அதை அடக்குகிறது என்றும் அமெரிக்காவின் பாஸ்டனில் 2014-இல் கண்டார்கள். அந்த மருந்தை 65 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2021-இல் வந்தது. நரம்புகளின் மிகைத் துடிப்பு நோயாளிகளிடமும் குறைந்தது. தட்டில் கண்டது மனிதரிலும் நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அதை வைத்து ஏஎல்எஸ் நோய்க்கு இன்று யாரும் மருந்துக் கடையில் சீட்டு நீட்ட முடியாது. ஏற்கனவே கையில் இருந்த மருந்துக்கே இந்தக் கதி. உங்கள் ரத்தத்தால் ஏதாவது பலன் விளைந்தால், அது இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் யாரோ ஒரு பிள்ளைக்கு விளையும்.

மாமாவுக்கான பதிலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால்தான் கோபம் அடங்கியிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்றுச் சிகிச்சையைத் தவிர வேறு எந்த ஸ்டெம் செல் ஊசியும் நிறுவப்பட்ட சிகிச்சை அல்ல. மற்றதெல்லாம் முறையாக அனுமதி பெற்றுப் பதிவு செய்த பரிசோதனையில் மட்டுமே கொடுக்கலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இருமுனைக் கோளாறுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஒருவர் பணம் கேட்டால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஜப்பானில் கோபே நகரில் 2014-இல் ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலத்தை ஒரு மூதாட்டியின் கண்ணில் பொருத்தினார்கள் என்பது உண்மைதான். அடுத்த நோயாளியின் செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் பொருத்தாமலே நிறுத்திவைத்தார்கள் என்பதையும் மாமாவிடம் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வேலையைக் கண்டுபிடித்த நாட்டிலேயே அவ்வளவு பயந்து செய்கிறார்கள்.

அம்மாவின் பயம் வேறு வகை. அதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களின் காதில் எந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்பது நம் ஊரில் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குக்கூடத் தெரியாது. நடைமுறை இது: மாதிரியின் மீது பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனியாகப் பூட்டியிருக்கும். வெளியாகும் கட்டுரைகளில் உங்கள் ஊரோ பெயரோ வராது. அதே சமயம், ஒருவரின் முழு மரபணுத் தொகுப்பு கைரேகையைவிடத் துல்லியமான அடையாளம் என்பதால், நூறு சதவீத ரகசியம் என்று யாராவது உறுதி சொன்னால் அவர் மிகையாகச் சொல்கிறார். என் அனுபவத்தில், வரன் வீட்டாருக்குச் செய்தி போவது உறவினர் வழியாகவும் அக்கம்பக்கத்தார் வழியாகவும்தான். அண்ணன் இத்தனை ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருப்பது தெரிந்தவர்களுக்கு ஏற்கனவே தெரியும். ஆய்வால் அதில் கூடுவது ஒன்றுமில்லை.

உங்களுக்கு நோய் வருமா என்ற கேள்வியை ஆய்வோடு சேர்க்காமல் தனியாகப் பார்க்க வேண்டும். பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் வருகிறது என்றால், பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ ஒருவருக்கு இருக்கும்போது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது. அதாவது, உங்களைப் போன்ற நூறு தங்கைகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வருவதில்லை. பலருக்கு இது பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டிவிடுகிறது. 27 வயதில் அந்தக் காலத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டீர்கள். இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்று கிடையாது. ஆய்வில் வளரும் உங்கள் செல்லும் அதைச் சொல்லாது.

இனி, யார் முடிவெடுப்பது? அண்ணன் சரி என்றதை நீங்களும் அம்மாவும் விவாதிப்பது போலக் கடிதத்தில் தொனிக்கிறது. அவர் தெளிவாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஆய்வில் சேர மனநோயுள்ளவரின் சொந்த, சுதந்திரமான சம்மதம்தான் வேண்டும். குடும்பத்தின் அனுமதியை அவர் வாங்க வேண்டியதில்லை. உங்கள் ரத்தத்தைப் பற்றி நீங்களும், அம்மாவின் ரத்தத்தைப் பற்றி அம்மாவும் முடிவெடுங்கள். மூவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணன் மட்டும் கொடுத்தாலும், அவரும் நீங்களும் மட்டும் கொடுத்தாலும் பயன் உண்டு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். உற்சாகம் மிகுந்து, தூக்கம் குறைந்து, எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் நிலையில் அவர் இருந்தால், கையெழுத்தைச் சில வாரங்கள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். நல்ல ஆய்வாளர்கள் அவர்களாகவே தள்ளிப்போடுவார்கள்.

கையெழுத்துப் போடும் முன் விளக்கத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். அதில் பார்க்க வேண்டியது, செல்களை வெளிநாட்டுக்கோ மருந்து நிறுவனத்துக்கோ கொடுப்பார்களா, அதற்கு உங்களை மறுபடி கேட்பார்களா என்பது. ஐபிஎஸ் செல்கள் ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். கொடுத்தவரின் காலத்துக்குப் பிறகும் இருக்கும். அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுச் செல்களை 1951-இல் அவரைக் கேட்காமலே ஆய்வுக்கு எடுத்தார்கள். அவை உலகம் முழுவதும் விற்கப்பட்டன. ஒரு நிறுவனம் அவர் வாரிசுகளோடு சமரசத்துக்கு வந்தது 2023-இல். இன்று சம்மதப் படிவம் இவ்வளவு நீளமாக இருப்பதில் அந்தக் கதைக்கும் பங்கு உண்டு. பாதியில் மனம் மாறினால் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குள் வேறு ஆய்வுக்கூடங்களுக்குப் போய்விட்ட செல்களைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். அதையும் நேராகக் கேளுங்கள். தற்செயலாக வேறு ஏதாவது நோய்க்கான அறிகுறி மரபணுவில் தென்பட்டால் சொல்வார்களா, மாட்டார்களா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சொல்ல வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளவும் இடம் இருக்க வேண்டும்.

அண்ணனின் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. ஆய்வுக்கு எடுக்கும் ரத்தத்தில் அதைப் பார்க்கமாட்டார்கள். இரவு மாத்திரை சாப்பிட்ட பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில் அளவைப் பார்க்க வேண்டும். கூடவே சிறுநீரகம், தைராய்டு இரண்டுக்குமான பரிசோதனைகளும் வேண்டும். ஆறு மாதம் தாண்டியிருந்தால் இந்த வாரமே திண்டுக்கல்லிலேயே பார்த்துவிடுங்கள். அதற்குப் பெங்களூர் பயணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.